சில்லுக்குள் செல்லும் நிரல்: பில்டு கருவிகளை அமைக்கும் முறை

மின்சார மீட்டர், இன்சுலின் பம்பு, காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பெட்டி, மின்தூக்கி ஆகியவற்றுக்குள் இயங்கும் மென்பொருள், தான் இயங்கும் இடத்தில் எழுதப்படுவதில்லை. இக்கருவிகளுக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லுக்கு விசைப்பலகையோ திரையோ கோப்புகளை வைக்கும் வட்டோ கிடையாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பெரிய மென்பொருள்களைத் தாங்கும் அளவுக்கு நினைவகமும் கிடையாது. ஆகவே நிரல் ஒரு மேசைக்கணினியில் எழுதப்பட்டு, அங்கேயே சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றப்பட்டு, பிறகு கம்பி வழியாகச் சில்லுக்குள் ஏற்றப்படுகிறது. இவ்வகை மென்பொருளை உட்பொதி மென்பொருள் என்றும், எழுதிய நிரலைச் சில்லில் ஏற்றத்தக்க கோப்பாக மாற்றித் தரும் மென்பொருள்களின் தொகுதியைப் பில்டு கருவிகள் என்றும் அழைப்பர். இக்கருவிகளை நிறுவி அமைப்பதை, உண்மையான வேலை தொடங்குவதற்கு முன் எப்படியாவது முடித்துவிட வேண்டிய சடங்காகக் கருதும் வழக்கம் கல்லூரிகளிலும் தொழிற்கூடங்களிலும் பரவலாக இருக்கிறது. ஆனால் சில்லின் இயல்புகளைப் பற்றிய அறிவு பெருமளவில் எழுதிவைக்கப்படுவது இந்த அமைப்புக் கோப்புகளில்தான் என்பதால், அவற்றையும் நிரலின் பகுதியாகவே கருதிப் பயில வேண்டும்.

மேசைக்கணினிக்கு நிரல் எழுதுபவருக்கு இந்தத் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், நிரலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, அதற்கு வேண்டிய இடத்தை ஒதுக்கி, எங்கிருந்து தொடங்குவது என்பதையும் தானே தீர்மானித்துவிடுகிறது. சிறிய மைக்ரோகண்ட்ரோலரில் அப்படிப்பட்ட இடைத்தரகர் எவரும் இல்லை. எந்த முகவரியில் நிரல் அமர வேண்டும், மாறிகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் நடக்க வேண்டியது எது என்பவற்றையெல்லாம் நிரலாளரே கருவிகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைச் செயலிக்கான நிரலைத் தயாரிக்கும் இம்முறைக்குக் கிராஸ் கம்பைலேஷன் என்று பெயர்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட சில்லை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் எஸ்டிஎம்32 எஃப்103 சி8 என்னும் மைக்ரோகண்ட்ரோலர், புளூ பில் என்று அழைக்கப்படும் மலிவான நீலநிறப் பலகையின் வழியாக மாணவர்களிடையே நன்கு அறிமுகமானது. அதன் மையத்தில் ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த கார்டெக்ஸ்-எம்3 செயலி உள்ளது. அது நொடிக்கு 7.2 கோடி துடிப்புகள் வரை, அதாவது 72 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும். மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் அதில் 64 கிலோபைட்டும், மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடும் ரேம் நினைவகம் 20 கிலோபைட்டும் உள்ளன. செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட வைக்க முடியாத இந்த இடத்துக்குள் ஒரு கருவியின் முழு நடத்தையும் அடங்க வேண்டும் என்பதால், பில்டு கருவிகளின் ஒவ்வொரு அமைப்பும் இங்கே கணக்கில் வந்துவிடுகிறது.

மாற்றும் பணியைச் செய்வது ஒரே மென்பொருள் அன்று. ஒன்றன் வெளியீட்டை மற்றொன்று உள்ளீடாகப் பெறும் ஒரு வரிசை. அதனால் அதற்கு டூல்செயின் என்று பெயர். சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. அசெம்பிளர் அதை இயந்திரக் கட்டளைகள் கொண்ட ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. லிங்கர் பல ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஆயத்தச் செயற்கூறுகள் அடங்கிய நூலகங்களையும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் இறுதி முகவரியைத் தந்து ஒரே கோப்பாக்குகிறது. இவற்றில் மிகப் பரவலானது, ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி 1987இல் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசி கம்பைலரும் அதனுடன் வரும் பின்யூட்டில்ஸ் தொகுதியும் ஆகும். சில்லு நிறுவனங்கள் தத்தமக்குரிய விலையுயர்ந்த கம்பைலர்களையே நம்பியிருந்த துறையில், எவரும் காசின்றிப் பெற்று, பார்த்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளத்தக்க இத்தொகுதி வேரூன்றியதால்தான் இன்று ஒரு சிற்றூர்ப் பொறியியல் கல்லூரி மாணவரும் பெருநிறுவனப் பொறியாளரும் ஒரே கருவியைக் கையாள முடிகிறது.

ஆர்ம் சில்லுகளுக்கான ஜிசிசியின் பெயர், ஆர்ம், நன், ஈஏபிஐ என்ற மூன்று துண்டுகள் சேர்ந்த முன்னொட்டுடன் வருகிறது. முதல் துண்டு செயலிக் குடும்பத்தையும், நடுத்துண்டு இயங்குதளம் எதுவும் இல்லை என்பதையும், இறுதித் துண்டு செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும்போது பின்பற்றும் உடன்படிக்கையையும் குறிக்கின்றன. லினக்ஸ் இயங்கும் ஆர்ம் பலகைகளுக்கான கம்பைலரும் ஏறத்தாழ இதே பெயரில் கிடைப்பதால், புதியவர்கள் அதைத் தவறுதலாக நிறுவிவிடுகின்றனர். அது தயாரிக்கும் நிரல், தனக்குக் கீழே ஒரு லினக்ஸ் கருவகம் இருக்கிறது என்ற எதிர்பார்ப்போடு உருவாவதால், தனித்து நிற்கும் மைக்ரோகண்ட்ரோலரில் இயங்காது. நிறுவும் கட்டத்தின் மற்ற இடையூறுகள் சிறியவையே. கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால் பழைய கருவிகள் தடுமாறும். கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ள, லினக்ஸ் வேறுபடுத்திப் பார்ப்பதால், ஒரு கணினியில் பிழையின்றி உருவான நிரல் மற்றொன்றில் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

கம்பைலருக்கு முதலில் சொல்ல வேண்டியது செயலியின் வகை. ஃபிளாக் என்று அழைக்கப்படும் கட்டளைத் தெரிவுகளின் வழியாக இது சொல்லப்படுகிறது. ஆர்ம் செயலிகளுக்கு முப்பத்திரண்டு பிட் அகலமுள்ள பழைய கட்டளைத் தொகுதி ஒன்றும், தம்ப் எனப்படும் செறிவான கட்டளைத் தொகுதி ஒன்றும் உண்டு; கார்டெக்ஸ்-எம் வரிசைச் செயலிகளோ தம்ப் கட்டளைகளை மட்டுமே அறியும். செயலி வகையைக் குறிக்கும் ஃபிளாக்கையும் தம்ப் ஃபிளாக்கையும் கொடுத்தால் கம்பைலர் இதற்கேற்ப நடந்துகொள்ளும். அடுத்த சிக்கல் பின்ன எண்களில் எழுகிறது. கார்டெக்ஸ்-எம்3 செயலியில் பின்ன எண்களைக் கணக்கிடும் தனிப் பிரிவு இல்லாததால், ஒரு தசமப் பெருக்கல்கூட நூலகச் செயற்கூறு ஒன்றின் வழியாகப் பல முழு எண் கட்டளைகளாக விரிகிறது. கார்டெக்ஸ்-எம்4 வரிசையின் பல சில்லுகளில் அப்பிரிவு உண்டு. ஆனால் அது ஒற்றைத் துல்லிய எண்களை மட்டுமே கையாளும். சி மொழியில் 1.5 என்று எழுதினால் அது இயல்பாகவே இரட்டைத் துல்லிய எண்ணாகக் கொள்ளப்படுவதால், வன்பொருளில் வசதி இருந்தும் கணக்கு மென்பொருள் வழியாகவே மெதுவாக நடக்கும். இவ்வகை மாற்றம் நிகழும் இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை ஃபிளாக் ஜிசிசியில் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே இயக்கி வைப்பவர்கள் பின்னாளில் வேகக் குறைவின் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இதே ஃபிளாக்குகளை இணைக்கும் கட்டத்திலும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. டூல்செயினுடன் வரும் சி நூலகம் ஒன்றே ஒன்றன்று; வெவ்வேறு செயலி வகைகளுக்காக முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட பல படிகளாக அது வட்டில் கிடக்கிறது. இணைக்கும்போது செயலி வகையைச் சொல்லாவிட்டால், கருவி இயல்பாக அமைந்த படியை எடுத்துக்கொள்ளும். அது பழைய கட்டளைத் தொகுதியில் அமைந்ததாக இருந்தால், நிரலாளரின் சொந்த நிரல் ஒழுங்காக ஓடி, ஒரு நூலகச் செயற்கூற்றை அழைத்த நொடியில் சில்லு பிழைநிலைக்குப் போய்விடும். நிரலில் எவ்வளவு தேடினாலும் இக்குறை அகப்படாது.

எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்துக்கு உரியது லிங்கர் ஸ்கிரிப்ட் என்னும் கோப்பு. சில்லின் நினைவகத்தை ஒரு பெரிய நிலப்பரப்பாகக் கொண்டால், இக்கோப்பு அதன் மனைப்பிரிவு வரைபடம் ஆகும்; எந்த மனை எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் செல்கிறது, எதில் எது குடியேறும் என்பதை அது வரையறுக்கிறது. மேற்சொன்ன சில்லில், பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், ஃபிளாஷ் நினைவகம் 08000000 என்ற முகவரியிலும் ரேம் 20000000 என்ற முகவரியிலும் தொடங்குகின்றன. இவ்விரண்டையும் அவற்றின் நீளங்களாகிய 64, 20 கிலோபைட்டுகளையும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எழுதிவிட்டால், நிரல் அந்த அளவை மீறும்போது லிங்கரே தடுத்து நிறுத்தி, எத்தனை பைட்டுகள் மிகுந்துவிட்டன என்று சொல்லிவிடும். வேறொரு பெரிய சில்லுக்கான ஸ்கிரிப்டை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் இந்தக் காவல் இல்லாமற் போகிறது.

அடுத்து, நிரலின் உறுப்புகள் எங்கே அமர வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. கம்பைலர் தன் வெளியீட்டைச் செக்‌ஷன் எனப்படும் பிரிவுகளாகப் பிரித்தே தருகிறது. கட்டளைகள் டெக்ஸ்ட் என்ற பிரிவிலும், தொடக்க மதிப்புள்ள மாறிகள் டேட்டா என்ற பிரிவிலும், தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டிய மாறிகள் பிஎஸ்எஸ் என்ற பிரிவிலும் சேர்கின்றன. கட்டளைகள் ஃபிளாஷில் இருந்தபடியே இயங்கலாம். பூஜ்ய மாறிகளுக்கு ரேமில் இடம் மட்டும் போதும். டேட்டா பிரிவின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது: அதன் மாறிகள் நிரல் ஓடும்போது மாறக்கூடியவை என்பதால் அவை ரேமில் இருந்தாக வேண்டும், மின்சாரம் நின்றால் ரேம் அழிந்துவிடும் என்பதால் அவற்றின் தொடக்க மதிப்புகள் ஃபிளாஷில் இருந்தாக வேண்டும். எனவே லிங்கர் ஸ்கிரிப்ட் இப்பிரிவுக்கு இரண்டு முகவரிகளைத் தருகிறது. ஒன்று அது சேமிக்கப்பட்டிருக்கும் முகவரி, மற்றொன்று அது வாழப்போகும் முகவரி. முன்னதிலிருந்து பின்னதற்கு மதிப்புகளைப் படியெடுப்பதும், பூஜ்ய மாறிகளின் இடத்தைத் துடைத்துப் பூஜ்யமாக்குவதும் தொடக்கநிரல் எனப்படும் ஸ்டார்ட்-அப் கோட் செய்யும் வேலை. சி மொழி நூல்கள் எல்லாம் மெயின் என்னும் செயற்கூற்றிலிருந்தே நிரல் தொடங்குவதாகச் சொல்கின்றன. உட்பொதி மென்பொருளில் அதற்கு முன்பே, அந்நூல்கள் உறுதியளிக்கும் உலகத்தை உருவாக்கித் தரும் இச்சிறு நிரல் ஓடி முடித்திருக்கிறது. அது பிழைபட்டால், ஐந்து என்று தொடக்க மதிப்புக் கொடுத்த மாறியில் பொருளற்ற ஓர் எண் கிடக்கும்.

இத்தொடக்கநிரலைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது? கார்டெக்ஸ்-எம் செயலி, மின்சாரம் பாய்ந்தவுடன் முகவரிகளின் அட்டவணை ஒன்றைத் தேடுகிறது; வெக்டர் டேபிள் எனப்படும் அவ்வட்டவணை, இச்சில்லில் இயல்பான நிலையில் ஃபிளாஷின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். அதன் முதல் எண், செயற்கூறுகள் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாக் என்னும் பகுதி எங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது. ரேமின் மேல்நுனியிலிருந்து அது கீழ்நோக்கி வளர்வதால், 20 கிலோபைட் ரேம் கொண்ட சில்லில் அவ்வெண் பெரும்பாலும் 20005000 என்று இருக்கும். இரண்டாவது எண் தொடக்கநிரலின் முகவரி; தம்ப் கட்டளைகள் என்பதைக் காட்டுவதற்காக அதன் கடைசி பிட் ஒன்றாக இருக்க வேண்டும், பூஜ்யமாக இருந்தால் முதல் கட்டளையிலேயே செயலி பிழைநிலைக்குப் போய்விடும். அதன் பிறகு, டைமர் முடிந்தது, வரிசைத்தொடர்பில் ஓர் எழுத்து வந்தது என்பன போன்ற குறுக்கீடுகளின்போது எங்கே தாவ வேண்டும் என்னும் முகவரிகள் வரிசையாக நிற்கின்றன.

இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, யாராலும் அழைக்கப்படாத செயற்கூறுகளையும் தரவுகளையும் நீக்கிவிடுமாறு லிங்கருக்குக் கட்டளையிடுவது உட்பொதி மென்பொருளில் வழக்கம். ஒவ்வொரு செயற்கூற்றையும் தனிப் பிரிவில் வைக்குமாறு கம்பைலருக்குச் சொல்லிவிட்டால் இந்நீக்கம் மிகக் கூர்மையாக நடக்கும். ஆனால் வெக்டர் டேபிளை நிரலின் எந்தப் பகுதியும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதைப் படிப்பது வன்பொருள் மட்டுமே. லிங்கரின் பார்வையில் அது உரிமையாளரற்ற தரவு, ஆகவே அது நீக்கப்பட்டுவிடுகிறது. ஒரு பிழைச்செய்தியும் இன்றிக் கோப்பு உருவாகும். சில்லில் ஏற்றினால் எதுவும் நடக்காது. லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த அட்டவணையைக் கீப் என்னும் சொல்லுக்குள் வைத்து, இதைக் கட்டாயம் காப்பாற்று என்று எழுதுவதே இதற்கு மருந்து. பல ஸ்கிரிப்டுகளில் இச்சொல்லைக் காணும் புதியவர்கள் அதன் பயனை அறியாமல் கடந்துவிடுகின்றனர்.

சி நூலகத்தைப் பற்றியும் சற்றுப் பேச வேண்டும். மேசைக்கணினியின் நூலகம் இத்தனை சிறிய இடத்தில் அடங்காது என்பதால், நியூலிப் என்னும் நூலகமும் அதன் இன்னும் மெலிந்த வடிவமாகிய நியூலிப்-நானோவும் ஆர்ம் டூல்செயினோடு வழங்கப்படுகின்றன. எழுத்துகளை அச்சிடும் பிரிண்ட்எஃப் என்னும் எளிய தோற்றமுள்ள செயற்கூறு, பல்வகை வடிவங்களையும் கையாள வேண்டியிருப்பதால், தன்னோடு பல செயற்கூறுகளை இழுத்துவருகிறது. நானோ வடிவத்தைத் தெரிவு செய்யும் ஒற்றை ஃபிளாக் பல கிலோபைட்டுகளை மிச்சப்படுத்தும். இயங்குதளம் இல்லாத இடத்தில் அச்சிடு என்றால் எங்கே அச்சிடுவது, நினைவகம் கேட்டால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகளுக்கு நூலகத்திடம் விடை கிடையாது. ரைட், எஸ்பிஆர்கே போன்ற சில அடித்தளச் செயற்கூறுகளை நிரலாளர் எழுதித் தர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. எழுதாதபோது லிங்கர் அப்பெயர்களைக் காணவில்லை என்று முறையிடும். இம்முறையீட்டை அடக்குவதற்காகச் செமிஹோஸ்டிங் என்னும் வசதியைப் பலர் இணைத்துவிடுகின்றனர். அது அச்சிடும் வேலையைப் பிழைகாண் கருவியின் வழியாக மேசைக்கணினிக்கு அனுப்புவது. அதற்காக நிரலில் செயலியை நிறுத்தும் கட்டளை ஒன்று பொதிக்கப்படுகிறது. பிழைகாண் கருவி இணைந்திருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதைக் கழற்றியவுடன், அக்கட்டளைக்குப் பதிலளிக்க யாரும் இல்லாததால் சில்லு பிழைநிலையில் உறைந்துவிடும். மேசையில் நன்றாக இயங்கிய கருவி வாடிக்கையாளரின் இடத்தில் இயங்கவில்லை என்னும் புகார்களில் ஒரு வகை இங்கே பிறக்கிறது.

கம்பைலர் நிரலை எவ்வளவு சுருக்க வேண்டும், எவ்வளவு விரைவாக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபிளாக்குகளைச் சுற்றியும் தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. சீர்மைப்படுத்தாமல் உருவாக்கினால் இயங்கும் நிரல், சீர்மைப்படுத்தினால் நின்றுவிடும்போது, பழி கம்பைலர்மேல் விழுகிறது. பெரும்பாலும் உண்மை வேறு. குறுக்கீடு ஒன்று மாற்றக்கூடிய மாறியை முதன்மை நிரல் ஒரு சுழலில் சோதித்துக் காத்திருக்கும்போது, அச்சுழலுக்குள் அம்மாறியை யாரும் மாற்றவில்லை என்று காணும் கம்பைலர், மொழியின் விதிப்படியே அதை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு முடிவின்றிச் சுற்றும் நிரலைத் தருகிறது. வாலடைல் என்று குறித்து, இம்மாறி வெளியிலிருந்து மாறக்கூடும் என்று சொல்ல வேண்டியது நிரலாளரின் கடமை. சீர்மைப்படுத்தலை நிரந்தரமாக அணைத்துவைப்பது இக்குறையை மறைக்கும். 64 கிலோபைட் சில்லில் இடத்தையும் விழுங்கும்.

இத்தனை கட்டளைகளையும் ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்ய இயலாது. செய்தாலும் எதையேனும் விட்டுவிடுவது உறுதி. இதற்காகப் பிறந்த கருவிகளில் மூத்தது மேக். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் இதை எழுதினார். யாக் என்னும் புகழ்பெற்ற கருவியை உருவாக்கிய ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்ததும், திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்யாமல் பழைய ஆப்ஜெக்ட் கோப்பையே இணைத்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம் என்று தெரியவந்ததும் அதற்கு வித்திட்டன. எந்தக் கோப்பு எவற்றைச் சார்ந்தது, அதை உருவாக்கும் கட்டளை எது என்பவற்றை மேக்ஃபைல் என்னும் கோப்பில் எழுதிவைத்தால், மூலக்கோப்பு பின்னர் மாறியிருக்கிறதா என்று நேரமுத்திரையைப் பார்த்து, தேவையானவற்றை மட்டும் மேக் மீண்டும் உருவாக்குகிறது. கட்டளை வரிகள் டேப் விசையால்தான் தொடங்க வேண்டும், இடைவெளிகளால் தொடங்கக் கூடாது என்ற அதன் விதி இன்றுவரை புதியவர்களை வாட்டுகிறது. அது பொருத்தமற்றது என்று ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தாராயினும், அப்போதே ஏறத்தாழ ஒரு டசன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் அவர்களுக்கு இடையூறு தர விரும்பாமல் அவ்விதியை அப்படியே விட்டுவிட்டார்.

மேக்கின் இரண்டு பலவீனங்களை அறிந்திருப்பது பயன் தரும். சி நிரல்கள் ஹெட்டர் எனப்படும் பொதுக்கோப்புகளை உள்ளிழுக்கின்றன. அவை மாறினாலும் அவற்றைச் சார்ந்த நிரல்கள் மீண்டும் உருவாக வேண்டும். இச்சார்புகளைக் கையால் எழுதிப் பராமரிப்பது நடவாத காரியம் என்பதால், கம்பைலரே அவற்றைக் கண்டறிந்து தனிக்கோப்பில் எழுதித் தரும் ஃபிளாக்கைக் கொடுத்து, அக்கோப்பை மேக்ஃபைலுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மேக் நேரமுத்திரையை மட்டுமே பார்க்கிறது. மேக்ஃபைலில் ஒரு ஃபிளாக்கை மாற்றினால் மூலக்கோப்புகள் மாறாததால் எதையும் மீண்டும் உருவாக்காது. பாதி நிரல் பழைய ஃபிளாக்கிலும் பாதி புதியதிலும் உருவாகி இணைந்துவிடும் இந்நிலை, உட்பொதி மென்பொருளில் விபரீதமான விளைவுகளைத் தரும். கூகுளில் குரோம் உலாவியின் உருவாக்கத்துக்காக இவான் மார்ட்டின் எழுதிய நிஞ்சா என்னும் கருவி, ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் உருவானது என்பதையும் பதிவு செய்துகொள்வதால் இக்குறை அதில் இல்லை.

நிஞ்சாவுக்கு உரிய கோப்புகளை மனிதர் எழுதுவதில்லை. அவற்றை எழுதித் தருவது சிமேக் போன்ற மற்றொரு கருவி. சிமேக்கில் கிராஸ் கம்பைலேஷனுக்கான செய்திகளை டூல்செயின் ஃபைல் என்னும் தனிக்கோப்பில் எழுதுவது முறை. அதில் இலக்கு இயங்குதளத்தின் பெயரைப் பொது என்னும் பொருள் தரும் ஜெனரிக் என்று குறித்தால், இயங்குதளம் இல்லாத சில்லுக்காக வேலை நடக்கிறது என்று சிமேக் அறிந்துகொள்ளும். சிமேக் தொடக்கத்திலேயே ஒரு சிறு நிரலை உருவாக்கிக் கம்பைலர் வேலை செய்கிறதா என்று சோதிக்கும்; லிங்கர் ஸ்கிரிப்ட் இன்னும் தரப்படாத அக்கட்டத்தில் முழு நிரல் இணையாது என்பதால், கம்பைலர் பழுதுபட்டது என்று தவறாக அறிவித்துவிடும். சோதனையை முழு நிரலாக அன்றி நிலைநூலகமாகச் செய்யுமாறு டூல்செயின் ஃபைலில் ஒரு வரி எழுதினால் இது தீர்ந்துவிடுகிறது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016 முதல் வளரும் ஸெஃபிர் என்னும் சிறு இயங்குதளம், சிமேக்கோடு, வேண்டிய வசதிகளைத் தெரிவு செய்ய கேகான்ஃபிக் முறையையும், பலகையின் வன்பொருளை விவரிக்க டிவைஸ்ட்ரீ முறையையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான பலகைகளுக்கு ஒரே நிரலைத் தயாரிக்க வழி செய்கிறது. அதைப் பயில்வது எளிதன்று. ஆயினும் பல வகைப் பலகைகளோடு வேலை செய்யும் குழுவுக்கு அம்முயற்சி வீணாகாது.

உருவான கோப்பைச் சில்லில் ஏற்றும் கட்டம் இவற்றோடு ஒப்பிட எளியது. லிங்கர் தரும் ஈஎல்எஃப் வடிவக் கோப்பில் பிழைகாண்பதற்கான பெயர்களும் வரி எண்களும் அடங்கியிருக்கும்; அவற்றைக் களைந்து வெறும் பைட்டுகளாகவோ இன்டெல் ஹெக்ஸ் என்னும் எழுத்து வடிவமாகவோ மாற்றித் தருவது பின்யூட்டில்ஸில் உள்ள ஆப்ஜ்காப்பி. இரண்டு கம்பிகளில் தொடர்புகொள்ளும் எஸ்டபிள்யூடி என்னும் முறையில் பேசும் சிறு கருவி ஒன்று சில்லுக்கும் கணினிக்கும் நடுவே நிற்க, ஓப்பன்ஓசிடி என்னும் மென்பொருள் அதை இயக்குகிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்னும் மாணவரின் பட்டயத் திட்டமாகத் தொடங்கியது அது. லினக்ஸ் கணினிகளில் யூஎஸ்பி கருவியைத் தொடும் உரிமை சாதாரணப் பயனருக்கு இல்லாததால், அதற்கான விதிக்கோப்பைச் சேர்க்காவிட்டால் ஓப்பன்ஓசிடி கருவியைத் திறக்க முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நிர்வாகி உரிமையோடு அதை ஓட்டிச் சமாளிப்பது தீய பழக்கம்.

ஒரு மின்மீட்டரோ மருத்துவக் கருவியோ பத்து, பதினைந்து ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கக்கூடியது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தால், ஒரு வரியை மட்டும் மாற்றி, மற்றெல்லாம் முன்பு போலவே இருக்கும் புதிய கோப்பை உருவாக்க முடிய வேண்டும். கம்பைலரின் புதிய பதிப்பில் அது நடக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. 2020இல் வெளியான ஜிசிசியின் 10ஆம் பதிப்பு, ஒரே மாறியைப் பல கோப்புகளில் தளர்வாக அறிவிப்பதை இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டதால், பல்லாண்டுகள் சிக்கலின்றி உருவான நிரல்கள் இணைக்கும் கட்டத்தில் நின்றன. ஆகவே டூல்செயினின் பதிப்பு எண்ணை நிரலோடு சேர்த்து எழுதிவைப்பதும், அந்தப் பதிப்பையே ஒரு கண்டெய்னருக்குள், அதாவது மற்ற மென்பொருள்களின் தாக்கம் இல்லாத மூடிய சூழலுக்குள் வைத்துப் பாதுகாப்பதும் இன்றியமையாதவை. அதோடு, அதே நிரலும் அதே கருவிகளும் எந்தக் கணினியிலும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பைத் தர வேண்டும் என்னும் மறுஉருவாக்கக் கொள்கையும் வலுப்பெற்று வருகிறது. உருவாக்கிய நாளையும் நேரத்தையும் நிரலுக்குள் பொதிப்பது இதற்கு முதல் பகை. அந்நேரத்தைச் சூழல் மாறி ஒன்றின் வழியாக நிலையாகக் கொடுத்துவிட ஜிசிசி வழி செய்கிறது. இதன் பயன் ஒழுங்குணர்வோடு முடிவதில்லை: வெளியிடப்பட்ட கோப்பு உண்மையிலேயே வெளியிடப்பட்ட நிரலிலிருந்துதான் வந்ததா என்று மூன்றாம் தரப்பினர் சோதித்தறிய வேறு நேர்மையான வழி இல்லை. கம்பைலரே நிரலில் இல்லாத ஒன்றை அதன் வெளியீட்டில் மறைமுகமாகச் சேர்த்துவிடக்கூடும் என்பதைக் கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் விளக்கிக் காட்டியிருக்கிறார்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் நேரடியான பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு, சென்னை ஐஐடியில் சக்தி செயலிகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2018இல் சண்டிகருக்கு அருகில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் சில்லாகவும் உருவானது. இச்செயலிகளுக்கான நிரல்களையும் ஜிசிசியின் ரிஸ்க்-ஃபைவ் வடிவமே தயாரிக்கிறது. ஆனால் மேலே கண்ட அமைப்புகள் பல இங்கே மாறுகின்றன. ஸ்டாக்கின் தொடக்க முகவரியை வன்பொருள் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை; தொடக்கநிரலே அசெம்பிளியில் அதை எழுதி வைக்க வேண்டும். கட்டளைத் தொகுதி முழு எண் கணக்கு, பெருக்கல், அணுநிலைக் கட்டளைகள், சுருக்கக் கட்டளைகள் என்று உறுப்புகளாகப் பிரிந்திருப்பதால், சில்லில் எவை இருக்கின்றனவோ அவற்றுக்குரிய எழுத்துகளை வரிசையாகக் கோத்துக் கம்பைலருக்குச் சொல்ல வேண்டும். இல்லாத ஓர் உறுப்பைச் சேர்த்துவிட்டால், அதற்குரிய கட்டளை வரும் இடத்தில் சில்லு நின்றுவிடும். இருப்பதை விட்டுவிட்டால் நிரல் தேவையின்றி நீளும்.

இவ்வெழுத்துக்கோவையும் நிலையானதாக இல்லை. செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைப் படிக்கும் கட்டளைகள் முன்பு அடிப்படைத் தொகுதியிலேயே அடங்கியிருந்தன. விதிநூலின் பிந்தைய வடிவத்தில் அவை ஸிசிஎஸ்ஆர் என்னும் தனி உறுப்பாகப் பிரிக்கப்பட்டன. 2022இல் வெளியான பின்யூட்டில்ஸ் 2.38, ஜிசிசி 12 ஆகிய பதிப்புகள் புதிய வடிவத்தை இயல்பாக ஏற்றுக்கொண்டதால், பழைய எழுத்துக்கோவையோடு இருந்த நிரல்களை அசெம்பிளர் ஏற்க மறுத்தது. கோவையின் இறுதியில் அவ்வுறுப்பின் பெயரைச் சேர்த்தால் சிக்கல் தீர்கிறது. ஆனால் அப்படிச் சேர்த்த வரியை மிகப் பழைய டூல்செயின்கள் புரிந்துகொள்வதில்லை என்பதால், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று சோதித்து, அதற்கேற்ற கோவையைத் தெரிவு செய்யும் சில வரிகளையும் மேக்ஃபைலில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.